ஏன் கட்டத்தில் ஒரு செத்தவீடு

போன கிழமை துவாரகா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என்னுடைய கதிரையில் இருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. நல்ல செய்தி என்றால் நேரே விஷயத்துக்கு வருவாள். கெட்ட செய்தி என்றால் முதலில் என் முழங்கால் நோவை விசாரிப்பாள். அன்றைக்கு முழங்காலைப் பற்றி வடிவாக விசாரித்தாள். சரி, ஏதோ வில்லங்கம் என்று விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். சின்னத் தீவுகளின் மின்சாரத் தரவுகளைப் பல நாட்டு ஆய்வாளர்களும் ஓரிடத்தில் போட்டு, பார்த்து, சேர்ந்து கணக்குச் செய்கிற திறந்த தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசில்லை. ஊர்காவற்றுறையில் இருக்கிற எங்கள் சிறிய ஆய்வு நிலையமும் அதில் பங்காளி. அந்தத் தளத்தை இப்போது புதுப்பிக்கிறார்களாம். குறிச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு எண் போடப்போகிறார்களாம். ஏதாவது ஒரு சொல்லை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுப்ப வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் அப்படி இருப்பது ஒரே ஒரு சொல். செத்தவீடு.

"எனக்கும் அதை எடுக்க விருப்பமில்லை அண்ணை. ஆனா என்ன காரணம் எண்டு எழுதிறது? பாசம் எண்டு எழுத ஏலாதே," என்றாள்.

நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது. நீளம் கூடினால் அவள் வெட்டிக்கொள்ளட்டும், நான் வெட்டமாட்டேன்.

வெளியூர்க்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் வீடு செத்துப்போனது என்று அர்த்தமில்லை. ஒருவர் இறந்து, உடல் வீட்டில் இருக்க, ஊர் வந்து கூடுகிறதுதான் செத்தவீடு. கலியாணவீடு என்பது போலத்தான். "நேற்று ஒரு செத்தவீட்டுக்குப் போனனான்" என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லுவோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். பெயர் குணரத்தினம், கூப்பிடுகிற பெயர் குணம். அது பெயரில் மட்டுந்தான் என்று என் மனைவி சொல்வார். மின்வேலை படித்தேன், இடம்பெயர்ந்தேன், திரும்பி வந்தேன், சுருவிலில் கலியாணம் முடித்தேன், சைக்கிளில் மீற்றர் வாசித்துக்கொண்டு வேலணை, ஊர்காவற்றுறை ஒழுங்கைகள் எல்லாம் திரிந்தேன். கணினி கைக்கு வந்தபோது தலை பாதி நரைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஆய்வு நிலையத்தில் தரவு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நேர்முகத்தில் எதிரே இருந்தவர் பற்றிமா மெடம். நிலையத்தின் பொறுப்பாளர். நாரந்தனைக்காரர், கடற்றொழில் குடும்பம், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு, அங்கேயே இரு என்று சொன்னவர்களிடம் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தவர். என் சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"மீற்றர் வாசிக்கப் போற வீட்டு வாசலில நாய் நிண்டால் என்ன செய்வீர்?"

"வாசிக்கேல்லை, நாய் நிண்டது எண்டு எழுதுவன், மெடம்."

"போன மாதத்தைப் பாத்து ஒரு இலக்கம் போட்டுவிட மாட்டீரோ?"

மாட்டேன் என்றேன். உண்மையும் அதுதான், நாய்களோடு எனக்குப் பகை உண்டே தவிர இலக்கங்களோடு இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

பற்றிமா மெடத்தின் வேலைமுறையைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கதைப்பேன். குரலை உயர்த்தமாட்டார். யாரையும் பிழை செய்துவிட்டாய் என்று சொல்லமாட்டார். "ஏன்?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பயந்த பயம், ஏச்சுக்குக்கூடப் பயந்திருக்கமாட்டோம். காலமையில் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு பெரிய திரைக்கு முன்னால் கூடவேண்டும். முதல் நாள் மின்பாவனை ஒரு கோடாகத் திரையில் ஏறி இறங்கிக் கிடக்கும். மெடம் கோட்டின் மேலே விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். எங்கேயாவது விரல் நின்றுவிட்டால் கேள்வி வரும். ஏன் இந்த இடத்தில் ஏறியது? ஏன் இங்கே ஒன்றும் இல்லை? தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்றே எழுதவும் வேண்டும். சும்மா சமாளித்தால்தான் கண்ணைச் சுருக்குவார்.

எந்தத் தரவையும் அழிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். சந்தேகம் என்றால் மஞ்சள் நிறம் பூசி மூடிவைக்கலாம், பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதுகிற அந்தக் கட்டத்துக்கு அலுவலகத்தில் "ஏன்" கட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் நிரப்பினால் தளத்துக்கு லேசு என்று நான் ஒருமுறை சொன்னேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் எந்தப் பாசையில் யோசிக்கிறாரோ அந்தப் பாசையில் எழுதட்டும், மொழிபெயர்க்கத் தளத்தில் கருவி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கருவியில்தான் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வெயிலையும் டீசலையும் சேர்த்து மின்சாரம் எடுத்துப் பார்க்கிற எங்கள் பரிசோதனை நடந்தது நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில், கரையோரக் குடியிருப்பு ஒன்றில். என் தாய்வீடும் அங்கேதான். கொஞ்சம் சூரியத் தகடு, ஒரு சின்னப் பற்றரி, ஒரு டீசல் எஞ்சின், மீனவருக்காக ஓர் ஐஸ் மெசின். எஞ்சின் கொட்டிலுக்குப் பொறுப்பு சூசை அண்ணை. ஊர் படுக்கிற நேரத்தோடு அவர் எஞ்சினை நிற்பாட்டுவார். பிறகு விடியுமட்டும் பற்றரி தெருவிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் குடியிருப்பில் ஒரு செத்தவீடு என்றால் எஞ்சின் நிற்காது. அது யாரும் போட்ட சட்டமில்லை. ஆள் கண்ணை மூடினால் கோயில் ஐயருக்கோ தேவாலயத்துச் சுவாமிக்கோ சொல்லப் போகிற கையோடு கொட்டிலுக்கும் ஒருவர் போவார். சூசை அண்ணை தலையை மட்டும் ஆட்டுவார். அன்றிரவு செத்தவீட்டில் மட்டுமில்லை, குடியிருப்பு முழுவதும் ஒரு வீட்டுக்காரரும் முற்றத்து லைற்றை அணைக்கமாட்டார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்றாலும் சைவக்காரரென்றாலும் ஒன்றுதான். வந்து போகிற சனத்துக்கு ஒழுங்கை தெரியவேண்டும். அதைவிட, அந்த வீட்டுச் சனம் வெளியே எட்டிப் பார்த்தால் தாங்கள் தனியாக விழித்திருக்கவில்லை என்று தெரியவேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பார்க்கவென்று இப்போது கமராவும் ஓடும். மறுநாள் கோட்டில் இரவு முழுக்க மேடு தட்டி நிற்கும். ஏன் கட்டத்தில் சூசை அண்ணை ஒரு சொல் எழுதியிருப்பார்: செத்தவீடு. மெடத்தின் விரல் அந்த இடத்தில் நிற்காது. ஏன் என்று கேட்காமல் அடுத்த இடத்துக்குப் போவார்.

இந்தத் தரவுகளைத் திறந்த தளத்தில் போடுகிறோம் என்று மெடம் சொன்ன அன்று நான் குழம்பினேன். எங்கள் ஊர்ச் செத்தவீட்டை ஊர் உலகம் பார்க்கவேண்டுமோ என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த நாளே குறிகட்டுவானில் படகேறி, என்னையும் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூட மண்டபத்தில் சனத்தைக் கூட்டிக் கேட்டார். எந்த வீடு என்று தெரியாது, பெயர் வராது, வீடுகள் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு மட்டுந்தான் வரும் என்று விளங்கப்படுத்தினார். மாடு வளர்க்கிற அக்கா ஒருவர் எழும்பி, "பேர் வராதெண்டால் போடுங்கோ. ஆனா அந்தியேட்டி முடியட்டும்," என்றார். சைவக்காரர் முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை அது. வேதக்காரர் பக்கத்திலும் முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்றார்கள். அப்படி வந்ததுதான் எங்கள் முப்பத்தொரு நாள் விதி. செத்தவீட்டுத் தரவு அதுவரைக்கும் எங்களிடமே இருக்கும், பிறகுதான் உலகத்துக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. அதை எழுதி, தளத்துக்காரரை ஒத்துக்கொள்ள வைத்தவர் மெடம்.

திரும்பி வரும்போது படகில் எனக்கொன்று சொன்னார். "பூட்டி வைச்சால் எங்கட பிழையும் ஒருத்தருக்கும் தெரியாது, மற்றவையின்ர பிழையும் எங்களுக்குத் தெரியாது, குணம்." நான் தலையாட்டினேன். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

சில வருடம் போனது. பழைய டீசல் எஞ்சினை முழுதாக எடுத்துவிட்டு, சூரியத் தகடுகளைக் கூட்டி, மின்சாரக் காற்றாடி நட்டு, பெரிய பற்றரி வைக்கலாம் என்று முடிவாயிற்று. எவ்வளவு பெரிய பற்றரி என்று கணக்குப் பார்த்தது தளத்தில் சேர்ந்திருந்த பல நாட்டு ஆட்கள். எல்லாரும் எங்கள் தரவைத்தான் எடுத்தார்கள். முன்னுக்கு நின்றவள் அஸ்ரிட் என்ற பெண். வடக்குக் கடலில் ஒரு குளிர்த் தீவைச் சேர்ந்தவள். கணக்கின் வரைவைத் தளத்தில் போட்டு, யாருக்காவது ஏதும் சொல்ல இருந்தால் குறித்த தவணைக்குள் சொல்லச் சொன்னார்கள். தவணை முடிந்தால் பற்றரி கப்பலேறும். அதற்குப் பிறகு மாற்ற ஏலாது.

வரைவில் பற்றரியின் அளவைக் கண்டவுடன் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தளவு பற்றரி ஒரு சாதாரண இரவைத் தாங்கும். செத்தவீட்டு இரவைத் தாங்காது. பாதி இரவில் தானாக நிற்கும். சூசை அண்ணை முறுக்குவதற்கு எஞ்சினும் இருக்காது. எப்படி இந்த அளவு வந்தது என்று தேடிப்போனேன். அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்: யார் எதைத் தொட்டாலும் தடம் இருக்கும். கணக்கில் சேர்க்காமல் விட்ட இரவுகள் எல்லாம் ஓரிடத்தில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் செத்தவீடு. திகதியைப் பார்த்தால், ஒன்று எங்கள் பெரிய மாமா செத்த இரவு. பக்கத்தில் காரணம் போட்டிருந்தார்கள்: பாவனையில் இல்லாத வீடு, மீற்றர் பிழை.

என் மாமா மீற்றர் பிழையோ? கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, அஸ்ரிட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். அதில் இருந்த சூட்டுக்குக் கணினி உருகாமல் இருந்தது பெரிய காரியம். அனுப்புவதற்கு முன் மெடத்திடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"இங்கிலிஸ் வடிவா இருக்கு, குணம். அனுப்பாதையும். அந்தச் சொல்லை என்னெண்டு விளங்கினவை எண்டு முதல் கேளும்."

அந்தக் கிழமை முடிவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் வாயை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு எண்பது தாண்டியும் காதும் வாயும் வலு கூர்மை. பற்றரி, கணக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப மோனை, நான் சாகேக்க இருட்டுக்குள்ளயோ கிடக்கிறது?"

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா செத்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து, யாரோ ஒருவரின் வளவில், ஒரு குப்பி விளக்கை வைத்துக்கொண்டு இருந்தோம். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எப்படி என்றுதான் எனக்குத் தெரியாது.

மெடம் சொன்னபடி கேட்டெழுதினேன். அன்றே பதில் வந்தது. தளத்தின் மொழிபெயர்ப்புக் கருவி செத்தவீட்டை இரண்டாக உடைத்து, அவர்கள் பாசையில் இறந்த வீடு என்று போட்டிருந்தது. மின்வேலையில் இறந்த கம்பி என்று அவர்கள் சொல்வது மின் ஓடாத கம்பியை. அப்படியென்றால் இறந்த வீடு இணைப்பு வெட்டின வீடு. ஆளில்லாத வீட்டில் விடியவிடிய லைற் எரிகிறதென்று கணக்குக் காட்டினால் அது மீற்றர் பிழைதானே? அஸ்ரிட் இதைப் பணிவாக எழுதி, நான் பிழையாக விளங்கியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று முடித்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். மெடம் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பில் வந்த கண்ணீர்தானோ என்று நான் கேட்கவில்லை.

பிறகு கணினியில் முகம் பார்த்துக் கதைக்கிற கூட்டம் ஒன்று வைத்தார்கள். அங்கே விடிகாலை, எங்களுக்கு மத்தியானம். சூசை அண்ணையும் கொட்டிலில் இருந்து தொலைபேசியில் சேர்ந்துகொண்டார். செத்தவீடு என்றால் என்ன, முற்றத்து லைற் ஏன் எரிகிறது என்று மெடம் மெல்ல மெல்லச் சொன்னார். அஸ்ரிட் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், தான் விட்ட இரவுகளைத் திரும்பச் சேர்ப்பதாகவும், பிழையைத் தன் பெயரிலேயே தளத்தில் எழுதி வைப்பதாகவும் சொன்னாள். சொன்னபடி செய்தும் இருந்தாள்; இன்றைக்கும் போனால் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் எங்கள் எல்லாரையும் இருந்த இடத்தில் நிறுத்தியது. ஒரே இரவில் இரண்டு செத்தவீடு வருமோ என்று கேட்டாள்.

நாங்கள் இத்தனை வருடம் தரவு சேர்த்தும் அதை யோசிக்கவில்லை. எல்லாரும் மெடத்தைப் பார்த்தோம். மெடத்தின் தகப்பனும் தமையனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒரே நாளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும். அஸ்ரிட்டுக்குத் தெரியாது. ஆனால் அவளும் கடற்கரையில் பிறந்தவள்.

"வரும். அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ," என்றார் மெடம். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்குத் தமிழில்தான் கேட்டது.

கூட்டத்தில் கொழும்பிலிருந்து, திட்டத்துக்குக் காசு ஒதுக்குகிற ஒரு கனவான் இருந்தார். வருடத்தில் சில இரவுகளுக்காக இவ்வளவு பெரிய பற்றரி எதற்கு, அந்த நாட்களில் ஒரு எஞ்சினை வாடகைக்குக் கொண்டுபோய் இறக்கலாமே என்றார். எனக்கு வாய் துடித்தது. மெடம் மேசைக்குக் கீழே கையைக் காட்டி என்னை அமர்த்திவிட்டு, மாரியில் கடல் அடித்தால் நெடுந்தீவுக்குப் படகே ஓடாது, சாகிறவர்கள் கடல் அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள் என்று சொன்னார். கனவான் குறித்துக்கொண்டார், ஆனாலும் அளவைக் கூட்ட மனமில்லை. முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. தவணை நெருங்கியது. அம்மா ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில், "என்ர லைற் என்ன மாதிரி?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

வழியைக் கண்டவள் அஸ்ரிட். சேர்த்த இரவுகளை அவள் வீடுகளின் மொத்தம், ஐஸ் மெசின், பம்பி என்று ஒவ்வொரு கோடாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். இந்த இரவுகளில் மட்டும் ஐஸ் மெசினின் கோடு தரையோடு கிடக்கிறதே, ஏன் என்று கேட்டெழுதினாள். ஏன் என்ற சொல்லைக் கண்டதும் மெடத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். தன்னைப் போல ஒருத்தி அங்கேயும் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் சூசை அண்ணைக்கு எடுத்துக் கேட்டேன்.

"உதென்ன கேள்வி, தம்பி? செத்தவீடெண்டால் ஆர் தொழிலுக்குப் போறது? தொழிலுக்குப் போகாட்டி ஐஸ் என்னத்துக்கு?"

அது கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், எனக்கும்தான். அதைப் பற்றரியோடு சேர்த்து ஒருவரும் யோசிக்கவில்லை. புதிய திட்டத்தில் ஐஸ் மெசினும் இரவில் பற்றரியில்தான் ஓட இருந்தது. மின்சாரத்தை ஆகக் கூடத் தின்கிறது அதுதான். அஸ்ரிட் அதைப் பிடித்துக்கொண்டாள். கொட்டிலில் ஒரு சுவிச்சு. போட்டால் ஐஸ் மெசினும் தண்ணீர்ப் பம்பியும் நிற்கும், மிச்சம் முழுக்க லைற்றுக்கு. பற்றரியைக் கொஞ்சம் கூட்டினால் போதும், இரண்டு செத்தவீட்டையும் தாங்கும். சுவிச்சை இயக்குகிற நிரலை வேறொரு கடலில் வேறொரு தீவில் இருந்த இளைஞன் எழுதித் தளத்தில் போட்டான். அவனுடைய முகத்தை நாங்கள் கண்டதில்லை. மீனவர் சங்கத்தில் கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை. கொழும்புக் கனவான் கணக்கைப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்று தானாகவே எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தவணை முடியமுதல் கணக்கு மாறியது. குறிச்சொல்லை என்ன செய்வது என்ற கதை வந்தபோது, மொழிபெயர்த்துப் பட்டது போதும், அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும், அர்த்தத்தை மட்டும் கீழே எழுதுவோம் என்று சொன்னவளும் அஸ்ரிட்தான். அதோடு மற்றக் காரணங்களையும் நாங்கள் திரும்பப் பார்த்தோம். நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகள் மின்கம்பத்தில் முதுகு சொறிந்தால் வாசிப்பு துள்ளும். சூசை அண்ணை சுருக்கமாகக் குதிரை என்று எழுதுவார். அதை யாரோ குதிரைவலு என்று எடுத்து, எஞ்சினின் வலு அடிக்கடி மாறுகிறது என்று அடிக்குறிப்பும் போட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்கு அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை.

சுவிச்சுப் பூட்டின கிழமை அம்மா தன்னை ஓட்டோவில் ஏற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி அடம்பிடித்தார். சுவரில் இருந்ததை வடிவாகப் பார்த்தார்.

"சூசை, இதோ என்ர சுவிச்சு?"

"உங்கட எண்டு இல்லை அக்கா, ஊருக்குப் பொது."

"ஓமோம். முதல் ஆருக்கெண்டு பாப்பம்."

முதலாவது அம்மாவுக்கு வரவில்லை. அவருக்கு முன்னால் வேறு சிலர் போனார்கள். ஒவ்வொரு தடவையும் லைற் விடியுமட்டும் நின்றது. பற்றிமா மெடம் ஓய்வுபெற்றார், நானும் ஓய்வுபெற்றேன். அம்மா போன மாரியில் போனார். கடல் அடித்துப் படகு ஓடாத நாட்கள். நல்லகாலம், நான் முதலே ஊருக்குப் போயிருந்தேன். சூசை அண்ணையிடம் சொல்ல என் மருமகன் போனான். நான் அம்மாவின் காலடியில் இருந்தேன். வெளியே கொஞ்சம் காற்றுப் பிடிக்கலாம் என்று எழும்பி முற்றத்துக்கு வந்தபோது, ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு லைற் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக நான் திரையில் மேடு என்று பார்த்தது இதைத்தான். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒருவர் வந்து கதிரை தந்தார்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் துவாரகா எடுத்தாள். முழங்காலை விசாரிக்கவில்லை. "அண்ணை, முப்பத்தொண்டு முடிஞ்சுது. விடட்டோ?" என்றாள். விடும் என்றேன். அம்மாவின் இரவு உலகத்துக்குப் போனது. பெயரில்லாமல், வீடில்லாமல், ஒரு கோடாக.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து நான் வீட்டில் இருந்து தளத்தைத் திறந்து பார்த்தேன். யாரும் பார்க்கலாம் என்றேனே. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது. அஸ்ரிட் எழுதியது. கருவி அதைத் தமிழாக்கித் தந்தது. ஒரு சொல்லை மட்டும் அவள் தானாகவே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். துவாரகாவுக்கு இது தெரியாது. ஒரு இரவின் கோட்டுக்குக் கீழே யார் போய்ப் பார்க்கிறார்கள்?

துவாரகா, பிள்ளை, காரணம் எழுதுகிற கட்டம் சின்னது என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் அதற்குள் போகாது. மெடமென்றால் ஒரு வரி போதும் என்பார். அஸ்ரிட்டின் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துப் போடும். வெறும் எண் ஒன்றைக் கண்டு ஒருவரும் இதைச் செய்யமாட்டார்கள்:

"எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். செத்தவீடு என்று கண்டேன். இன்றிரவு என் முற்றத்து விளக்கை நான் அணைக்கவில்லை."